உயிர் கொடுத்த ஊரா, உயிர் பறிக்கப்பட்ட ஊரா?

பிரான்சு நாட்டில் இன்று ஏறத்தாழ முப்பத்தையாயிரம் கொம்யூன்கள் உள்ளன. புதுச்சேரி, காரைக்கால் வாசகர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்று அவர்கள் நாவில் புழங்கும் சொல்லின் முற்பாதி அங்கிருந்து வந்ததே. இந்த முப்பத்தையாயிரத்துள் ஆறு கொம்யூன்களின் மக்கள்தொகை சுழியம். வீடு இல்லை, அடுப்பு இல்லை, வாக்காளர் ஒருவரும் இல்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. வரையறுத்த எல்லை உண்டு. சிறியதோர் வரவு செலவுக் கணக்கு உண்டு. மேயரின் பொறுப்பை வகிக்க ஒருவரும் உண்டு. வாக்களிக்க ஆளில்லாமையால் அவரை மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியாகிய பிரிஃபெக்ட் நியமிக்கிறார்.

அவ்வாறனுள் ஒன்று ஃப்ளெரி-தெவான்-துவோமோன். ‘துவோமோனுக்கு முன்னுள்ள ஃப்ளெரி’ என்பது பெயரின் பொருள். வடகிழக்கு பிரான்சில், லொரேன் நிலப்பகுதியில், மெஸ் மாவட்டத்தில், வெர்டன் நகருக்கு அருகே குன்றின் மேல் அமைந்திருந்த ஊர். 1913இல் அங்கு 422 பேர் வாழ்ந்தனர். இன்று அங்கே காடு; காட்டின் அடியில் குண்டுக் குழிகள்; குழிகளின் இடையே ஒற்றையடிப் பாதைகள். ‘இங்கே ரொட்டி சுடுபவர் வீடு’, ‘இங்கே கொல்லர் பட்டறை’, ‘இங்கே பள்ளி’ என்று அடையாளக் கற்களும் பலகைகளும் சொல்கின்றன. அவை சுட்டும் இடத்தில் செங்கல் ஒன்று கூடக் கிடையாது.

இவ்வூரைப் பற்றி இருவகைப் பேச்சு நடமாடுகிறது. ஒன்று நகைப்பு, மற்றொன்று வணக்கம். இரண்டையும் மறுப்பதற்கே இதை எழுதுகிறேன். நகைப்பவர்க்கு மறுமொழி சொல்வது எளிது. வணங்குபவர்க்குச் சொல்ல வேண்டியதுதான் நீளமானது. கத்தோலிக்கர்களாகிய நம்மையும் அது தொடுகிறது.

முதலில் நகைப்பவரை நோக்குவோம். “ஆளில்லாத ஊருக்கு மேயரா? அரசாங்கப் பணத்தில் ஆவிகளுக்குப் பஞ்சாயத்தா?” என்பது அவர்கள் கேள்வி. வேடிக்கைச் செய்திகளின் பத்தியில் உலகின் விந்தைகளுள் ஒன்றாக இச்செய்தி அவ்வப்போது வெளியாகும். சிக்கனம் பேசுவோர் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். சின்னஞ்சிறு கொம்யூன்களை ஒன்றோடொன்று இணைக்கும் சட்டம் அந்நாட்டில் 2010இல் வந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான ஊர்கள் தம் தனிப்பெயரை இழந்து பெரிய அலகுகளில் கரைந்தன. நூறு பேர் வாழும் ஊரே தனித்து நிற்கத் தகுதியற்றது என்னும்போது ஒருவருமில்லாத ஊர் எதற்கு என்று இவர்கள் கேட்கிறார்கள்.

ஊர் என்பது தலைகளை எண்ணி வருவது என்று நினைப்பவருக்கு இக்கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் பிரெஞ்சுக் கொம்யூன் அப்படிப் பிறந்ததன்று. 1789 டிசம்பர் 14 அன்று புரட்சி அரசின் பேரவை ஒவ்வொரு நகரிலும், ஒவ்வொரு பேட்டையிலும், ஒவ்வொரு பங்கிலும் ஒரு நகராட்சி அமைய வேண்டும் என்று சட்டம் செய்தது. ‘பங்கு’ என்றே சட்டத்தில் இருந்தது. திருச்சபையின் சொத்துகளைப் பறித்த அதே பேரவைதான், ஊருக்கு எல்லை வகுக்க நேர்ந்தபோது, பங்கின் எல்லையைவிடச் சிறந்த அளவுகோல் எதையும் காணவில்லை. ஆலய மணி கேட்கும் தொலைவு, ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைத் தோட்டம் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய அலகு அது. அதில் வாழ்வோரைப் போலவே அடக்கம் செய்யப்பட்டோரும் உறுப்பினர். நம் ஊர்களில் நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்தியும் மாலையுமாகப் போகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஃப்ளெரியின் கொம்யூன் அலுவல் ஆவிகளுக்கானதும் அன்று. பெயர்ந்து போனவர்களின் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் நினைவு நாளில் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த மண்ணிலிருந்து இன்றும் எலும்புகள் வெளிவருகின்றன. 2013இல் மட்டும் 26 பிரெஞ்சு வீரர்களின் உடல் எச்சங்கள் அங்கே ஒருசேரக் கிடைத்தன. அவற்றை ‘நம் ஊரில் கிடைத்தவர்கள்’ என்று பொறுப்பேற்க ஒரு பெயர் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஓர் அமைச்சரின் வரவேற்பு விருந்துக்குக் காணாது.

நகைப்பவரை இங்கே விட்டுவிடலாம். அவர்கள் தீங்கற்றவர்கள்.

வணங்குபவர்கள் அப்படியல்லர். முதல் உலகப் போர் முடிந்தபின், வெர்டனைச் சுற்றி முற்றும் அழிந்த ஒன்பது ஊர்களுக்குப் பிரெஞ்சு அரசு ஒரு பட்டம் சூட்டியது: ‘மோர் பூர் லா பிரான்ஸ்.’ பிரான்சுக்காக இறந்தது என்பது அதன் பொருள். 1915இல் ஒரு சட்டத்தின் வழியே போரில் மடிந்த மனிதர்களின் இறப்புப் பதிவில் எழுதுவதற்கு ஏற்பட்ட சொற்றொடர் அது. மனிதர்க்கு எழுதியதை ஊருக்கும் எழுதினார்கள். பலகையிலும் கல்லிலும் இன்றும் அப்படியே இருக்கிறது. வருகிற தலைவர்கள் அதன் முன் நின்று தலை வணங்குகிறார்கள். மாணவர்களைப் பேருந்தில் அழைத்து வந்து அதைப் படிக்க வைக்கிறார்கள். எவரும் அச்சொற்றொடரின் நடுவில் உள்ள சொல்லில் தடுக்கி விழுவதாகத் தெரியவில்லை.

நான் தடுக்கி விழுவது அங்கேதான். ‘காக’ என்ற உருபு சிறியது; ஆனால் நம் விசுவாசத்தின் பாதி அதன் மேல் நிற்கிறது. ஒருவருக்காக உயிர் கொடுப்பது என்றால் கொடுப்பவருக்கு விருப்பம் இருக்க வேண்டும். தம் உயிரைத் தம்மிடமிருந்து எவரும் பறிப்பதில்லை, தாமே கையளிப்பதாக நல்லாயன் உரைத்ததை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! பறிக்கப்பட்ட உயிருக்கும் கையளிக்கப்பட்ட உயிருக்கும் இடையே உள்ள வேறுபாடு சிலுவையின் வேறுபாடு. ஃப்ளெரியின் 422 பேரிடம் எவராவது கேட்டார்களா? “உங்கள் வீடு, வயல், கிணறு, கோவில், பெற்றோரின் கல்லறை இவை அனைத்தையும் நாட்டுக்காகத் தருவீர்களா?” என்று கேட்கப்பட்டிருந்தால் சிலர் ‘ஆம்’ என்றிருக்கலாம். எவரும் கேட்கவில்லை. 1916 பெப்ரவரியில் பீரங்கித் தாக்குதல் தொடங்கியதும் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியேறுமாறு கட்டளை வந்தது. வெளியேறினார்கள். பனிக்காலம் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு கதவைப் பூட்டியவர்கள் எத்தனை பேரோ!

இவ்வூர் எப்படி அழிந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது தேவை. பட்டத்தின் பொய்மை விவரங்களில்தான் வெளிப்படும்.

இந்த நிலம் எந்நாளும் பிரான்சின் நிலமாக இருந்ததன்று. கி.பி. 843இல் சார்லமேன் பேரரசரின் பேரர் மூவர் பேரரசைப் பங்கிட்டுக்கொண்ட உடன்படிக்கைக்கு வெர்டன் உடன்படிக்கை என்றே பெயர். பிற்காலப் பிரான்சும் ஜெர்மனியும் முளைத்த வித்து அங்கே ஊன்றப்பட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட துண்டு நிலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருவர் கையிலும் மாறி மாறி இழுபட்டது. வெர்டன் ஆயர் நெடுங்காலம் புனித உரோமைப் பேரரசுக்கு உட்பட்ட சிற்றரசராகவே விளங்கினார். 1552இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி நகரைக் கைப்பற்றினார். 1648இல்தான் அது உடன்படிக்கைப்படி பிரான்சுக்கு உரியதாயிற்று. நிலத்தை உழுதவர்களுக்கு இவற்றால் நேர்ந்த மாற்றம் வரி வாங்குபவரின் சின்னம் மாறியது மட்டுமே எனலாம். மரம் வெட்டியும் தானியம் விளைத்தும் வாழ்ந்த எளிய மக்கள் அவர்கள்.

1871இல் பிரான்சு தோற்று, அல்சாசும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனியின் கைக்குப் போயின. எல்லை கிழக்கிலிருந்து நகர்ந்து வெர்டனுக்கு அருகே வந்து நின்றது. அதனால் வெர்டனைச் சுற்றிலும் கோட்டைகள் எழுந்தன. 1885இல் துவோமோன் கோட்டையின் வேலை தொடங்கியது. சூவில் கோட்டை மறுபுறம். இரண்டுக்கும் இடையே அகப்பட்டது ஃப்ளெரி. மக்கள் தாம் பாதுகாக்கப்படுவதாகத்தான் எண்ணியிருப்பார்கள். பீரங்கி வைத்த இடம் பீரங்கியை வரவழைக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பாதுகாப்பாவது ஒழுங்காக இருந்ததா? 1915இல் பிரெஞ்சுத் தலைமைத் தளபதி ஜோஃபர், கோட்டைகளால் இனிப் பயனில்லை என்று முடிவு செய்து, வெர்டன் கோட்டைகளின் பீரங்கிகளையும் படையினரையும் பெரும்பாலும் வேறிடங்களுக்கு அகற்றினார். அப்பகுதியில் பணிபுரிந்த எமில் திரியான் என்பவர் நாடாளுமன்ற உறுப்பினரும் கூட, உறுதியான கத்தோலிக்கர். பாதுகாப்பு போதாது, பகைவர் வந்தால் தாங்காது என்று அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத் தலைவருக்கே எழுதினார். ஜோஃபர் சினந்தார், எச்சரிக்கை ஒதுக்கப்பட்டது. 1916 பெப்ரவரி 21 அன்று தாக்குதல் தொடங்கியது. மறுநாள் திரியான் களத்தில் மாண்டார். பெப்ரவரி 25 அன்று துவோமோன் பெருங்கோட்டை ஜெர்மானியர் கையில் விழுந்தது. உள்ளே அறுபது பேர்கூட இல்லை. சண்டை என்று சொல்லத்தக்க ஒன்று நடக்கவே இல்லை. கோட்டையைக் காலியாக விட்டவர்கள் பிறகு அதன் அருகிலிருந்த ஊருக்குத் தியாகப் பட்டம் கொடுத்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜூன் 22 இரவில் ஜெர்மானியர் நச்சுவாயுக் குண்டுகளைப் பொழிந்து, 23ஆம் நாள் ஃப்ளெரியின் மேல் பாய்ந்தனர். பாய்ந்த படைகளுள் முன்னணியில் நின்றவை பவேரியப் படைகள். பவேரியா ஜெர்மனியின் கத்தோலிக்க நாடு. ஊர்தோறும் வழியோரச் சிலுவை நிற்கும் நாடு. எதிரே நின்ற பிரெஞ்சுப் படைகளிலும் மிகப் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். இரு பக்கத்தாரின் சட்டைப் பைகளிலும் செபமாலை இருந்தது. இரு பக்கத்தாரின் படைக்குருக்களும் அதே இலத்தீன் மொழியில் அதே பூசையை நிறைவேற்றினர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த ஊர் பதினாறு முறை கைமாறியது. ஆகஸ்ட் 18 அளவில் மொரோக்கோ காலனிக் காலாட்படை என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவு அதை இறுதியாகக் கைப்பற்றியது. அதற்குள் கைப்பற்றுவதற்கு ஊர் என்று ஒன்று மிஞ்சவில்லை.

பதினாறு முறை என்ற எண்ணை வாசகர் விரைவாகக் கடந்துவிடலாகாது. ஜெர்மானியர் கையில் ஊர் இருந்த ஒவ்வொரு முறையும் அதன் மேல் குண்டு பொழிந்தது பிரெஞ்சுப் பீரங்கி. பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஒவ்வொரு முறையும் பொழிந்தது ஜெர்மன் பீரங்கி. எந்தக் குண்டு பள்ளியைத் தகர்த்தது, எந்தக் குண்டு கோவில் சுவரைப் பொடியாக்கியது என்று எந்தக் கணக்காயரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆயினும் ஒன்று உறுதி: பிரான்சுக்காக இறந்ததாகப் பெயரெடுத்த இவ்வூரைக் கொன்றதில் பிரான்சுக்கும் பங்கு உண்டு. தன் கையும் சேர்ந்து செய்த கொலைக்கு, இறந்தவனே விரும்பித் தலை கொடுத்தான் என்று ஓர் அரசு சான்றிதழ் எழுதித் தருவதை வேறெந்த வழக்கிலாவது நாம் ஏற்போமா?

“நாடு தாக்கப்பட்டது, காத்துக்கொள்ள உரிமை இல்லையா?” என்று கேட்பார்கள். உண்டு. தாக்கியது ஜெர்மனி என்பதையும் நான் மறைக்கவில்லை. நியாயமான தற்காப்பைத் திருச்சபை என்றும் மறுத்ததில்லை. ஆனால் தற்காப்பில் அழிந்ததை அழிந்தது என்று சொல்வது வேறு. அதைக் காணிக்கையாகச் சித்திரிப்பது வேறு. வெள்ளத்தைத் தடுக்கக் கரையை உடைத்து ஒரு சிற்றூரின் பக்கம் தண்ணீரைத் திருப்பிவிடும் அதிகாரியின் முடிவு சில வேளைகளில் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அவர் அவ்வூராரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும். ‘தண்ணீரில் தானே குதித்த தியாக ஊர்’ என்று வளைவு கட்டுவாரானால் அவரை என்னவென்று சொல்வோம்?

“போகட்டும், அது வழித்தோன்றல்களுக்கு ஆறுதல் தருகிறதே” என்பது இன்னொரு வாதம். வீடிழந்தவர்கள் பட்டத்தோடு திரும்பி வந்தார்களா என்று பார்ப்போம். 1919இல் அரசு, போரால் மிகவும் சிதைந்த நிலங்களைச் ‘சிவப்பு மண்டலம்’ என்று வகுத்தது. நாடெங்கும் ஏறத்தாழ 1,78,000 ஹெக்டேர். வெடிக்காத குண்டுகள், நஞ்சு ஊறிய மண், புதையாத பிணங்கள். பல இடங்களில் உழவர்கள் அரசின் இசைவுக்குக் காத்திராமல் திரும்பி வந்து, குழிகளைத் தூர்த்து, ஏர் பூட்டினார்கள். அவர்களுடைய பிடிவாதத்தாலேயே அம்மண்டலம் பத்தாண்டுகளுக்குள் ஐம்பதாயிரம் ஹெக்டேருக்கும் கீழாகச் சுருங்கிற்று. வெர்டன் குன்றுகளில் அது நடக்கவில்லை. அங்கே அரசு நிலங்களை வாங்கித் தன்வசப்படுத்தியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டது. அவற்றுள் பெரும்பான்மை ஊசியிலை மரங்கள். ஜெர்மனி போர் இழப்பீடாக அனுப்பிய கன்றுகளும் அவற்றில் சேரும். ஊரை இழந்தவனுக்கு இழப்பீடாகக் காடு வந்தது! அந்தக் காட்டுக்கு இன்று நூறு வயது. குண்டு அகற்றும் பிரிவினர் இன்றும் அந்நிலங்களிலிருந்து குண்டுகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மக்களைத் திரும்ப அனுமதிக்காதது தவறு என்று நான் சொல்லவில்லை. மண் அப்படி இருந்தது. ஆனால் முறை இதுதான்: வீட்டைக் குண்டு கொண்டது, நிலத்தைச் சட்டம் கொண்டது, மிஞ்சிய பெயரைப் பட்டம் கொண்டது. முற்றும் அழிந்த ஊர்களுக்கு மூவர் கொண்ட ஒரு நகராட்சிக் குழுவை அமைத்துக் கொம்யூனை உயிரோடு வைத்த சட்டமும் 1919இல் வந்ததே. அது ஒன்றுதான் இதில் நல்ல செயல். பட்டம் இல்லாமலும் அதைச் செய்திருக்கலாம்.

“எப்படியும் அவ்வூர் காலியாகியிருக்கும்” என்று தோளைக் குலுக்குவோரும் உள்ளனர். மெஸ் மாவட்டத்தில் 1851இல் ஏறத்தாழ 3,28,000 பேர் வாழ்ந்தனர். இன்று 1,80,000 அளவில் உள்ளனர். குண்டு விழாத ஊர்களும் மெல்ல மெல்ல நகரங்களை நோக்கி வடிந்தன என்பது உண்மை. பிள்ளைகள் வேலை தேடிப் போவார்கள்; பள்ளி மூடப்படும்; பங்குக் குருவானவர் பத்து ஊர்களுக்கு ஒருவராவார்; கடைசிக் கிழவி கதவைச் சாத்துவார். இது பிரெஞ்சு நாட்டுப்புறத்தின் பொதுவான துயரம். நம் நாட்டுப்புறத்திற்கும் வந்துகொண்டிருக்கும் துயரம். ஆனால் வயது முதிர்ந்து இறப்பதற்கும் வாலிபத்தில் கொல்லப்படுவதற்கும் வேறுபாடு இல்லையா? ‘எப்படியும் ஒருநாள் இறந்திருப்பான்’ என்ற வாதத்தை எந்தக் கொலையாளிக்கும் நாம் வழங்குவதில்லை.

இனி நம் வீட்டுக்குள் வருகிறேன். இந்தப் பட்டத்தைச் சூட்டியது அரசு என்றாலும், அதற்கான மொழியைக் கொடுத்தது யார்? தியாகம், பலி, காணிக்கை, இரத்தசாட்சி — இவை யாருடைய சொற்கள்? நம் பீடத்திலிருந்து எடுத்துப் போனவை. எடுத்துப் போனார்கள் என்று மட்டும் சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. நாமே கொடுத்தோம்.

1917 ஆகஸ்ட் 1 அன்று திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், போரிடும் நாடுகளின் தலைவர்களுக்கு அமைதிக் குறிப்பொன்று அனுப்பினார். இப்போர் பயனற்ற படுகொலை என்று அதில் சொன்னார். வெர்டனில் பத்து மாதங்களில் இரு தரப்பிலுமாக ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மடிந்து, போர்முனை ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே வந்து நின்ற பிறகு வந்த சொல் அது. அதைவிடச் சரியான சொல்லை அந்த நான்கு ஆண்டுகளில் எந்தத் தலைவரும் சொல்லவில்லை. அதற்கு மறுமொழி என்ன? பிரெஞ்சுக்காரர் அவரை ஜெர்மானியரின் ஆள் என்றனர். ஜெர்மானியர் அவரைப் பிரெஞ்சுக்காரரின் ஆள் என்றனர். அதே ஆண்டு டிசம்பரில், பாரீசு மதலேன் ஆலயத்தில், கர்தினால் அமெத் வீற்றிருக்க, தொமினிக்கன் சபைத் துறவியும் பெரும் அறிஞருமான செர்த்தியாஞ்ச் பிரசங்க மேடையில் ஏறி, உம்முடைய அமைதி அழைப்பை இப்போதைக்கு எங்களால் ஏற்க இயலாது என்று திருத்தந்தையை நோக்கியே அறிவித்தார். பொதுநிலையினர் எவரேனும் அப்படிப் பேசியிருந்தால் கீழ்ப்படியாமை என்றிருப்போம். நாட்டுப்பற்று என்ற முக்காடு போட்டுக்கொண்டால் பிரசங்க மேடையிலும் எதையும் சொல்லலாம் போலும்.

நான் அந்த மனிதர்களைக் குற்றக் கூண்டில் ஏற்ற வரவில்லை. மகனைப் பறிகொடுத்த தாயிடம் ‘உன் மகன் வீணாகச் செத்தான்’ என்று சொல்ல எந்தக் குருவுக்கு நா எழும்? ‘நாட்டுக்காகத் தன்னைக் கையளித்தான்’ என்று சொல்வது அந்த வேளையின் இரக்கம். அந்த இரக்கத்தை அரசு கல்லில் வெட்டிச் சட்டமாக்கி, ஊருக்கும் மரத்துக்கும் பொருத்தும்போதுதான் அது பொய்யாகிறது. தாய்க்குச் சொன்னதை, மகனை அனுப்பியவனும் தனக்குச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறான்.

மாறாக, அதே திருச்சபையிலிருந்து வேறொரு செயலும் வந்தது. வெர்டன் ஆயர் ஜினிஸ்தி போர் முடிந்தபின் சிதறிக் கிடந்த எலும்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். முதலில் ஒரு மரக்கொட்டகை. பிறகு ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டி, துவோமோன் எலும்பு நினைவாலயத்தை எழுப்பினார். 1920இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1932 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,30,000 பேரின் எலும்புகள் அதனடியில் உள்ளன. சிறு சாளரங்கள் வழியே இன்றும் காணலாம். பிரெஞ்சு எலும்பு எது, ஜெர்மன் எலும்பு எது என்று பிரித்தறிய வழியில்லாமையால் இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆனால் மேலே சுவரில் பொறித்த பெயர்கள் நெடுங்காலம் பிரெஞ்சுப் பெயர்கள் மட்டுமே. 2014இல்தான் முதன்முறையாக ஒரு ஜெர்மன் வீரரின் பெயர் அங்கே பொறிக்கப்பட்டது. அடியில் 1932லேயே சமாதானம் ஆகிவிட்டது. அது மேல் சுவருக்கு ஏற 82 ஆண்டுகள் ஆயின! 1984இல் மித்தெரானும் கோலும் அக்கல்லறைத் தோட்டத்தில் கைகோத்து நின்ற படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். அந்தக் கைகளும் எலும்புகளைவிடப் பிந்தியவையே.

இறந்தவர் ‘எதற்காக’ என்று எழுதிச் செல்வதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், 1938இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் நிற்கிறது; அதே போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று மலர்வளையம் வைக்கிறார்கள். கடல் கடந்து போய், எவர் நாட்டு எல்லைக்காகவோ உயிர் விட்டவர்களை நினைவுகூர்வது நன்று. அவர்கள் எதற்காக இறந்தார்கள் என்ற கேள்வியை மலர்வளையம் மூடிவிடுகிறதா, திறந்து வைக்கிறதா என்பதை அங்கே மாலைக் காற்று வாங்கப் போகும் வாசகர்களின் சிந்தனைக்கு விடுகிறேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், முழு நகரங்களையும் அவற்றின் மக்களையும் வேறுபாடின்றி அழிக்கும் போர்ச் செயல்களைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று கண்டித்தது. குற்றம் என்ற சொல் வந்துவிட்ட பிறகு, தியாகம் என்ற சொல் அதே கல்லில் எப்படி நிற்கும்? குற்றத்துக்கு உள்ளானவரைத் தியாகி என்பதில் குற்றவாளி மறைந்து போகிறான். சொல் மாறினால் கேள்வி மாறும். ‘பிரான்சுக்காக இறந்தது’ என்று படிக்கும் மாணவன் தலைகுனிந்து அடுத்த இடத்திற்குப் போய்விடுவான். ‘இது இரு நாட்டுப் பீரங்கிகளால் கொல்லப்பட்டது’ என்று படித்தால், ஏன், யார் கட்டளையால், காலியான கோட்டைக்கு யார் பொறுப்பு, பதினேழாவது முறை ஏன் நடக்கவில்லை என்று கேட்பான். அரசுகள் பட்டம் கொடுப்பதில் இத்தனை தாராளம் காட்டுவதன் காரணம் எனக்கு இதில்தான் புலப்படுகிறது.

என் கோரிக்கை பெரிதன்று. கொம்யூன் இருக்கட்டும், பிரிஃபெக்ட் மேயரை நியமிக்கட்டும், கணக்கெடுப்பில் சுழியம் என்றே ஒவ்வொரு முறையும் அச்சாகட்டும். 2019இல் பக்கத்து ஊர்களான துவோமோனும் வோவும் இணைக்கப்பட்டதுபோல ஃப்ளெரியையும் எதனோடும் இணைத்து அந்தச் சுழியத்தை ஒரு பெரிய எண்ணுக்குள் ஒளித்துவிட வேண்டாம். அந்தச் சுழியம்தான் அங்கே எஞ்சியுள்ள ஒரே நேர்மையான சாட்சி. மாற வேண்டியது பலகையில் உள்ள சொற்றொடர் ஒன்றே. பழைய ஆலயம் நின்றதாகக் கருதப்படும் இடத்தில் 1979இல் ஒரு சிற்றாலயம் கட்டினார்கள்; அதன் முகப்பில் நிற்கும் அன்னைக்கு எப்பெயர் இடுவது என்று முடிவு செய்ய நேர்ந்தபோது, பிரான்சின் அன்னை என்று இடவில்லை; ஐரோப்பாவின் அன்னை என்றே இட்டார்கள். அவ்வாலயத்திலிருந்து பலகைக்கு அதிகத் தொலைவில்லை. பெயரிட்டவர்கள் ஒரு நாள் அங்கேயும் நடந்து போய், சுத்தியலும் உளியும் எடுத்து, ‘1916இல் கொல்லப்பட்டது, வாழ்ந்தவர் 422 பேர்’ என்று வெட்டிவிட்டு வரலாம்.